கண் பிரஷர் நார்மல், பிபியும் நார்மல், ஆனா கிளாக்கோமா: இது எப்படி?

ஜனவரி 9, கேள்வி

வயசு 58. கண் பிரஷர் எப்ப பார்த்தாலும் 14, 15தான். ஆனா ஓசிடி (கண் நரம்பு ஸ்கேன்), ஃபீல்டு டெஸ்ட் (பார்வை எவ்வளவு பரப்புக்கு தெரியுதுன்னு பார்க்கற சோதனை) ரெண்டும் எடுத்துட்டு கிளாக்கோமான்னு சொல்லி சொட்டு மருந்து எழுதிட்டாங்க. பிபி மாத்திரை பல வருஷமா போடறேன், சூப்பர் கண்ட்ரோல். எனக்கு தெரிஞ்சு பிபி கூடினா கண் பிரஷர் கூடும், கண் பிரஷர் கூடினா கிளாக்கோமா வரும். எனக்கு ரெண்டும் கூடல. அப்ப டயக்னோசிஸ் தப்புதானே?

ஜனவரி 9, இரவு

தப்புன்னு அவ்வளவு சீக்கிரம் சொல்லிடாதீங்க சார். கிளாக்கோமான்னா பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமா அடிபடற வியாதி. நீங்க எழுதின ரெண்டு படியுமே ஆட்டம் காணுது.

மொதல்ல, கையில பார்க்கற பிபிக்கும் கண்ணுக்குள்ள இருக்கற பிரஷருக்கும் உறவு ரொம்ப மெலிசு. மேல் பிபி 10 கூடினா கண் பிரஷர் கால் எம்எம் அளவுக்குத்தான் கூடும்னு பல ஆய்வுல வந்திருக்கு. 160 பிபி இருக்கறவருக்கு கண் பிரஷர் 13 இருக்கலாம், 110 இருக்கறவருக்கு 28 இருக்கலாம். கண் பிரஷரை தீர்மானிக்கறது கண்ணுக்குள்ள ஊறற நீர் எவ்வளவு, அது வடியற வழி எவ்வளவு திறந்திருக்குங்கறதுதான்.

ரெண்டாவது, கண் பிரஷர் 21 வரைக்கும் நார்மல்ங்கற எல்லைக்கோடு. நிறைய பேரோட கண்ணை அளந்து, பெரும்பாலானவங்க எந்த அளவுக்குள்ள இருக்காங்கன்னு பார்த்து போட்ட கோடு அது. அதுக்கு கீழ இருந்தா நரம்பு பத்திரம்னு யாரும் கையெழுத்து போட்டு குடுக்கல. ஜப்பான்ல டஜிமிங்கற ஊர்ல 40 வயசு தாண்டினவங்களை பரிசோதிச்சப்ப, ஓப்பன் ஆங்கிள் கிளாக்கோமா (கண்ணுல நீர் வடியற மூலை திறந்தே இருக்கற வகை) இருந்தவங்கள்ல 92% பேருக்கு கண் பிரஷர் 21 அல்லது அதுக்கும் கீழ. இதுக்கு நார்மல் டென்ஷன் கிளாக்கோமான்னு பேரு. நானும் அதே கட்சிதான். என் கண் பிரஷர் 17ஐ தாண்டி யாரும் பார்த்ததில்ல. ஒரு நாள் டாக்டர் நரம்போட ஓரத்துல சின்னதா ஒரு ரத்தக் கீற்று தெரியுதுன்னு சொன்னாங்க, அதை வச்சுத்தான் என் ஃபைலே கனமாச்சு.

ஜனவரி 10, காலை

நேத்து ராத்திரி ஒண்ணு விட்டுப்போச்சு. 14ன்னு மெஷின் காட்டறது 14தானான்னும் பார்க்கணும். கருவிழி மெலிசா இருந்தா மெஷின் குறைச்சு காட்டும். கருவிழி கனத்தை அளக்க பேக்கிமெட்ரின்னு ஒரு டெஸ்ட், அரை நிமிஷ வேலை, எடுத்தாங்களான்னு கேளுங்க. அப்புறம் முன்னாடி எப்பவாவது ஸ்டீராய்டு சொட்டு ரொம்ப நாள் போட்டிருக்கீங்களா, பெரிய ரத்த இழப்போ அதிர்ச்சியோ வந்து ஆஸ்பத்திரில இருந்திருக்கீங்களா, இதெல்லாமும் கேட்பாங்க. அப்ப விழுந்த அடி இப்ப நார்மல் பிரஷரோட தெரியலாம். பகல்ல ஒரே நேரத்துல எடுத்த ஒரே ஒரு ரீடிங்கை மட்டும் வச்சு நார்மல் டென்ஷன்னு முத்திரை குத்தறதுல எனக்கு உடன்பாடில்ல.

ஜனவரி 10, மதியம்

சரி, மேட்டருக்கு வரேன். பிபியும் கண் பிரஷரும் ஒண்ணை ஒண்ணு கூட்டிவிடுதான்னு பார்த்தா கதை நகராது. ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணை கழிச்சு பார்க்கணும்.

பார்வை நரம்போட தலைப்பகுதிக்கு ரத்தம் போகணும்னா, ரத்தக்குழாய்க்குள்ள இருக்கற தள்ளு விசை கண்ணுக்குள்ள இருக்கற அழுத்தத்தை ஜெயிக்கணும். ஓஸ் பைப்பு மேல யாரோ கால் வச்சிருக்காங்கன்னு வச்சுக்கங்க, மோட்டார் விசை குறைஞ்சாலும் தண்ணி குறையும், கால் இன்னும் அழுத்தினாலும் குறையும். இந்த வித்தியாசத்துக்கு பெர்ஃப்யூஷன் பிரஷர்னு பேரு. ஈஸியான கணக்கு: கீழ் பிபி கழித்தல் கண் பிரஷர். கீழ் பிபி 80, கண் 15னா 65. கீழ் பிபி 55, கண் 20னா 35. பாருங்க, 55ம் பெரிய அபாயம் இல்ல, 20ம் எல்லைக்குள்ளதான், ஆனா கழிச்சு வந்த எண் பாதியா போச்சு.

அமெரிக்காவுல பால்டிமோர் கண் ஆய்வுன்னு ஒண்ணு, 1995ல வந்த அதோட முடிவுல இந்த கழித்தல் 30க்கு கீழ இருந்தவங்ககிட்ட கிளாக்கோமா ஆறு மடங்கு அதிகமா இருந்துச்சு. பார்படாஸ் தீவுல வருஷக்கணக்கா தொடர்ந்து பார்த்த ஆய்விலயும் மேல் பிபி குறைவா இருந்தவங்களுக்கு புதுசா கிளாக்கோமா வர்றது அதிகம்னு வந்துச்சு.

ஆரோக்கியமான கண்ணுக்கு இதை சமாளிக்கற சாமர்த்தியம் உண்டு. பிரஷர் கொஞ்சம் இறங்கினா குழாய் தானா விரிஞ்சு ரத்த ஓட்டத்தை அதே அளவுல வச்சுக்கும். அந்த சாமர்த்தியம் குறைஞ்ச ஆளுங்களுக்குத்தான் 14, 15லயே பிரச்சனை வருதுங்கறது ஒரு கருத்து.

ஜனவரி 10, மாலை

"அப்ப பிபி ஏறினா கண்ணுக்கு நல்லதா, மாத்திரையை தூக்கி போட்டுடலாமா"ன்னு கீழ ஒருத்தர் கேட்டிருக்கார். ஸ்மைலி போட்டிருக்கார், இருந்தாலும் பதில் சொல்லிடறேன், யாராவது நிஜமாவே செஞ்சு தொலைப்பாங்க.

கூடாது. அதே பால்டிமோர் ஆய்வுலயே வயசு குறைஞ்சவங்களுக்கு உயர் பிபி கண்ணை காப்பாத்தற மாதிரி இருந்துச்சு, வயசானவங்களுக்கு தலைகீழா கிளாக்கோமா ஆபத்தை கூட்டுச்சு. ஆரம்பத்துல தள்ளு விசை கூடுது, ஆனா வருஷக்கணக்கா அப்படியே விட்டா சின்ன ரத்தக்குழாய் தடிச்சு விரியற குணமே போயிடும். அதுக்கு மேல மூளை, இதயம், கிட்னி இருக்கு. ஸ்ட்ரோக் வந்த பிறகு ஃபீல்டு டெஸ்ட்ல எத்தனை புள்ளி மிச்சம்னு எண்ணி என்ன செய்ய?

ஜனவரி 12

கேள்வி கேட்டவர் "சூப்பர் கண்ட்ரோல்"னு எழுதினது மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. அந்த ரீடிங்கெல்லாம் பகல்ல, உக்காந்து எடுத்தது. ராத்திரி என்ன நடக்குதுன்னு யாருக்கு தெரியும்?

தூங்கும்போது பிபி 10லேர்ந்து 20% வரைக்கும் இறங்கறது எல்லாருக்கும் இயல்பு, இறங்காம இருந்தாதான் ஹார்ட் டாக்டர் கவலைப்படுவார். ஆனா சிலருக்கு 20%க்கும் மேல இறங்குது. அதே நேரத்துல நாம படுத்திருக்கோம், படுத்தா கண் பிரஷர் ஏறும், நிறைய பேருக்கு ஒரு நாளோட உச்சமே ராத்திரிலதான். அதாவது கழித்தல் கணக்குல மேல இருக்கற எண் இறங்குது, கீழ இருக்கற எண் ஏறுது, ரெண்டும் ஒரே நேரத்துல, அதுவும் எந்த டாக்டரும் மெஷினோட பக்கத்துல இல்லாத நேரத்துல. சோஹன் சிங் ஹெய்ரேன்னு ஒரு கண் மருத்துவர், இந்தியாவுல பொறந்து அமெரிக்காவுல அயோவா பல்கலைக்கழகத்துல இருந்தவர், பார்வை நரம்போட ரத்த ஓட்டத்தை பத்தியே வாழ்நாள் பூரா வேலை பார்த்தவர். 1994லயே ராத்திரி பிபி அதிகமா இறங்கறதுக்கும் பார்வை நரம்பு பாதிப்புக்கும் தொடர்பு இருக்கும்னு எழுதினார். படுக்கப்போற நேரத்துல பிபி மாத்திரை போடறதை கடுமையா எதிர்த்தவர்.

எனக்கு ஃபீல்டு டெஸ்ட்ல மூக்குப்பக்கம் கறுப்பு (பார்வை குறைஞ்ச இடம்) கொஞ்சம் கொஞ்சமா பரவ ஆரம்பிச்சப்ப, டிராப்ஸ் ஒழுங்கா போட்டும் பரவுதேன்னு கண் டாக்டர் 24 மணி நேர பிபி மானிட்டர் எடுக்கச் சொன்னாங்க. அந்த அனுபவத்தை யாருக்கும் ஆசையா சொல்ல மாட்டேன், கையில பட்டையை கட்டி விட்டுடுவாங்க, ராத்திரி பூரா அது பாட்டுக்கு புஸ்ஸுனு ஊதி கையை நெரிக்கும், எனக்கும் தூக்கம் இல்ல வீட்டுல மத்தவங்களுக்கும் இல்ல. இவ்வளவு தூக்கம் கெட்டும் விடிகாலை ரீடிங் எல்லாம் கீழ விழுந்து கிடந்துச்சு. நிம்மதியா தூங்கியிருந்தா இன்னும் இறங்கியிருக்கும்னு டாக்டர் சிரிச்சாங்க. எனக்கு சிரிப்பு வரல. பார்த்தா, ரெண்டு பிபி மாத்திரையில ஒண்ணு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடற மாதிரி யாரோ எப்பவோ எழுதினது, அதை யாரும் திரும்ப பார்க்கவே இல்ல. காலைல எழுந்து நின்னா தலை சுத்தும், வயசாச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

பிபி பார்க்கற டாக்டர் அதை காலைக்கு மாத்தினார். அதுக்கப்புறம் ஃபீல்டு அப்படியே நிக்குது. ஆனா அதே சமயத்துல கண் டாக்டர் டிராப்ஸையும் மாத்தினாங்க, அதனால எது காப்பாத்துச்சுன்னு கேட்டா என்கிட்ட பதில் கிடையாது. தலைசுத்தல் போச்சு, அது மட்டும் உறுதி.

ஜனவரி 12, பத்து நிமிஷம் கழிச்சு

தனியா எழுதறேன், கண்ணுல படணும்ங்கறதுக்காக. மாத்திரை நேரத்தை எனக்கு மாத்தினது டாக்டர், நான் இல்ல. நீங்களா மாத்தாதீங்க, நீங்களா நிறுத்தாதீங்க. சில மாத்திரையை திடீர்னு நிறுத்தினா பிபி எகிறும்.

ஜனவரி 15

நான் ராத்திரி மாத்திரையை வில்லனாக்கறேன்னு ஒரு மேடம் எழுதியிருக்காங்க. நியாயமான கேள்விதான். மறுபடி உக்காந்து படிச்சேன்.

ராத்திரி போட்டா ஹார்ட்டுக்கு ரொம்ப நல்லதுன்னு கொஞ்ச வருஷம் பலமான பேச்சு இருந்துச்சு. அப்புறம் பிரிட்டன்ல டைம்னு ஒரு பெரிய ஆய்வு, 21,104 பேரு, பாதிப்பேரு காலைல பாதிப்பேரு சாயங்காலம். 2022ல முடிவு வந்துச்சு: ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக், சாவு எதுலயும் வித்தியாசம் இல்ல. கனடாவுல பெட்மெட்னு இன்னொண்ணு, 2025ல வந்தது, அதிலயும் அதே கதை. ஆனா அதுல கண்ணையும் பார்த்திருக்காங்க, ராத்திரி போட்டவங்ககிட்ட புதுசா கிளாக்கோமா அதிகமா கண்டுபிடிக்கப்படல.

அப்ப ஹெய்ரே சொன்னது பொய்யான்னா, அப்படியும் இல்ல. பொதுவா எல்லாரையும் சேர்த்து பார்த்தா ராத்திரி மாத்திரையால கண்ணு கெட்டுப்போகல. ஏற்கனவே நரம்பு அடிபட்டு, பிரஷர் குறைஞ்சும் பாதிப்பு ஓடிக்கிட்டே இருக்கற ஆளோட கதை வேற, அவங்களை மட்டும் தனியா எடுத்து பார்க்கற நோக்கத்துல அந்த ஆய்வு நடக்கல. என் கணக்கு இதுதான்: காலைல போட்டாலும் ஹார்ட்டுக்கு நஷ்டமில்லைன்னு ஆயிட்டதால, எங்களை மாதிரி ஆளுங்க "காலைக்கு மாத்தலாமா டாக்டர்"னு கேட்கறதுல தயக்கம் தேவையில்ல. கிளாக்கோமாவே இல்லாதவங்க இதுக்காக தூக்கத்தை கெடுத்துக்க வேண்டாம்.

மாத்திரையால பிபி கண்ட்ரோல்ல இருக்கற, கேள்வி கேட்ட சாருக்கு ஓரளவு பொருந்தறது கிரேக்க நாட்டு தெசலோனிகி ஆய்வு, 2006. கிளாக்கோமா இல்லாதவங்களையே எடுத்து பார்த்தாங்க. மாத்திரை போட்டு கீழ் பிபி 90க்கு கீழ வந்தவங்களுக்கு, மாத்திரை இல்லாமலேயே அந்த அளவுல இருக்கறவங்களை விட பார்வை நரம்போட தலைப்பகுதில இருக்கற குழி (கிளாக்கோமாவுல பெருசாகறது இதுதான்) கொஞ்சம் பெருசா இருந்துச்சு. மாத்திரைதான் காரணமா, முன்னாடி இருந்த உயர் பிபி குழாயை கெடுத்ததாங்கறது பிரிக்க முடியாத முடிச்சு.

ஜனவரி 16

"மீன் பிபியில (அதாவது சராசரி பிபியில) மூணுல ரெண்டு பங்கு கழித்தல் கண் பிரஷர்னு ஃபார்முலா இருக்கே, நீங்க ஏன் கீழ் பிபி மட்டும் எடுக்கறீங்க"ன்னு ஒரு தம்பி கேட்டார். ரெண்டும் புழக்கத்துல இருக்கு. 120/80க்கு மீன் பிபி 93, அதுல மூணுல ரெண்டு 62, கண் 15ஐ கழிச்சா 47.

ஆனா அந்த மூணுல ரெண்டு எங்கிருந்து வந்துச்சுன்னு பாருங்க. உக்காந்திருக்கும்போது கண்ணு இதயத்தை விட உசரத்துல இருக்கு, மேல ஏறி வர்றதுக்குள்ள ரத்த அழுத்தம் கொஞ்சம் குறையுது, அதுக்கான கழிவு அது. படுத்துட்டா கண்ணும் இதயமும் கிட்டத்தட்ட ஒரே மட்டம், அந்த கழிவு இல்ல. அதனால 12ம் தேதி நான் எழுதினதை அப்படியே பயங்கரமா எடுத்துக்காதீங்க, படுக்கறதால கொஞ்சம் லாபமும் இருக்கு. எல்லாருக்கும் ராத்திரி கண்ணு பட்டினி கிடக்கறதில்ல. ரொம்ப இறங்கற ஆளுங்களுக்குத்தான் அந்த லாபம் போதாம போகுது.

இன்னொரு வம்பும் இருக்கு. கழித்தல் கணக்குக்குள்ளயே கண் பிரஷர் உக்காந்திருக்கு. எண் குறைஞ்சா கிளாக்கோமா கூடுதுன்னா, அது ரத்தம் குறைஞ்சதாலயா, கண் பிரஷர் கூடினதாலயா? இதை வச்சு புள்ளியியல் ஆளுங்க இந்த ஆய்வுகளை நல்லாவே கிழிச்சிருக்காங்க.

ஜனவரி 19

சொட்டு மருந்து பத்தி மூணு பேர் கேட்டாச்சு.

டிமோலால். பழைய, நல்ல மருந்து, ஆனா பீட்டா பிளாக்கர், அதாவது இதயத் துடிப்பையும் பிபியையும் இறக்கற மருந்து வகை. கண்ணுல விட்டது மூக்கு வழியா இறங்கி ரத்தத்துல கலக்கும், கல்லீரலை தாண்டாம நேரா. நாடித்துடிப்பு இறங்கலாம், பிபி இறங்கலாம், ஆஸ்துமா இருந்தா ஆபத்து. பிபிக்கோ ஹார்ட்டுக்கோ ஏற்கனவே பீட்டா பிளாக்கர் மாத்திரை போடறவங்களுக்கு இந்த சொட்டுல கிடைக்கற பலனும் குறையும், பக்க விளைவு மட்டும் கூடும். ராத்திரி கண்ணுல நீர் சுரக்கறதே பாதியா குறையறதால, சுரப்பை குறைக்கற டிமோலாலுக்கு அப்ப பெருசா வேலையும் இல்ல. நார்மல் டென்ஷன்காரங்களுக்கு ராத்திரி டிமோலால் எழுதியிருந்தா ஏன்னு கேளுங்க. சொட்டு விட்டுட்டு கண்ணை மூடி, மூக்கோரமா கண் முனையை ரெண்டு மூணு நிமிஷம் அழுத்திப் பிடிச்சா உடம்புக்குள்ள போறது குறையும்.

2011ல வந்த ஒரு ஆய்வு இந்த விஷயத்துல ரொம்ப பேசப்பட்டது. நார்மல் டென்ஷன் ஆளுங்கள்ல ஒரு பகுதிக்கு பிரிமோனிடின்ங்கற வேற சொட்டு, மீதிக்கு டிமோலால். கண் பிரஷர் ரெண்டு பக்கமும் ஒரே அளவு இறங்குச்சு. ஆனா பார்வை மோசமானது பிரிமோனிடின் பக்கம் 9%, டிமோலால் பக்கம் 39%. பிரிமோனிடின் நரம்பை காப்பாத்துச்சா, டிமோலால் பிபியை இறக்கி கெடுத்துச்சாங்கற சண்டை இன்னும் தீரல. பிரிமோனிடின் பக்கம் அலர்ஜியால பாதியிலயே கழண்டுக்கிட்டவங்க வேற ஏகப்பட்ட பேர். நான் போட்டப்ப எனக்கும் கண்ணு செக்கச்செவேல்னு ஆகி, மதியம் தூக்கமா வந்துச்சு.

ஜனவரி 23

"அப்ப கிளாக்கோமாங்கறதே ரத்த ஓட்ட வியாதிதான்"னு ஒருத்தர் தீர்ப்பு எழுதிட்டார். இந்த சண்டை 1858லேர்ந்து நடக்குது சார். அந்த வருஷத்துலதான் ஹெயின்ரிச் முல்லர் அழுத்தம் நரம்பை நசுக்குதுன்னார், எட்வர்ட் யேகர் ரத்தக்குழாய் கோளாறுன்னார். இன்னும் ரெண்டு கட்சியும் கலையல.

என் கட்சி எதுன்னா, கையில மருந்து இருக்கற கட்சி. 1998ல நார்மல் டென்ஷன் கிளாக்கோமாவுக்குன்னே நடந்த பெரிய ஆய்வுல, ஏற்கனவே நார்மலா இருக்கற கண் பிரஷரை இன்னும் 30% குறைச்சாங்க. குறைச்சவங்கள்ல 12% பேருக்கு மோசமாச்சு, குறைக்காதவங்கள்ல 35% பேருக்கு. பிரஷர் நார்மலா இருந்தும் அதை இறக்கினா பலன் கிடைக்குது. ரத்த ஓட்டத்தை நேரா கூட்டற மருந்துல இப்படி ஒரு ஆதாரம் இதுவரைக்கும் இல்ல. கழித்தல் கணக்குல நமக்கு பத்திரமா கை வைக்க முடியற எண் கண் பிரஷர்தான். அதனால 14 இருக்கும்போது எதுக்கு டிராப்ஸ்னு கேட்ட சாருக்கு இதுவே பதில்.

ஓசிடி ஆஞ்சியோகிராஃபில (கண்ணோட ரத்தக்குழாயை காட்டற ஸ்கேன்) ரத்தக்குழாய் குறைஞ்சிருக்குன்னு ரிப்போர்ட் வந்து பயந்தவங்களுக்கு: நரம்பு செத்த இடத்துக்கு ரத்தம் தேவை குறையும், குழாயும் குறையும். ரத்தம் குறைஞ்சதால நரம்பு போச்சா, நரம்பு போனதால ரத்தம் குறைஞ்சதா, ஒரு படத்தை வச்சு சொல்ல முடியாது.

ஜனவரி 24

ஜின்கோங்கற மூலிகை மாத்திரை லிங்க் போடறவர் தயவுசெஞ்சு நிறுத்துங்க. சின்ன ஆய்வு ஒண்ணுல பலன்னு வந்துச்சு, பிறகு திரும்ப செஞ்சப்ப வரல. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறவங்க அதை சேர்த்து போட்டா ரத்தக்கசிவு ஆபத்து. ரெண்டாவது லிங்க்கும் அதேதான், பாட்டில் கலர் மட்டும் வேற.

பிப்ரவரி 2

கை கால் எப்பவும் சில்லுனு இருக்கும், ஒத்தைத் தலைவலி உண்டு, பிபி இயல்பாவே குறைவு, தாகம் எடுக்காது, ஒல்லியான உடம்புன்னு ஒரு அக்கா எழுதியிருக்காங்க. அப்படியே பாடப்புத்தக வர்ணனை. ஸ்விட்சர்லாந்து பாசல்ல ஜோசஃப் ஃப்ளாமர்னு ஒரு கண் மருத்துவர் இந்த மாதிரி ஆளுங்களை வச்சுத்தான் ரத்தக்குழாய் சரியா விரிஞ்சு சுருங்காத கோளாறுன்னு ஒரு கருத்தையே கட்டினார். அந்த 1998 ஆய்விலயும் ஒத்தைத் தலைவலி இருந்தவங்களுக்கும், நரம்போரம் ரத்தக் கீற்று தெரிஞ்சவங்களுக்கும் பாதிப்பு வேகமா கூடுச்சு. அக்கா, இதெல்லாம் இருந்தா கிளாக்கோமா இருக்குன்னு அர்த்தமில்ல. ஒரு தடவை நரம்பை பார்த்துட்டு வந்துடுங்க.

குறட்டை விட்டு நடுவுல மூச்சு நின்னு முழிக்கறவங்க ஸ்லீப் ஆப்னியாவுக்கும் பாருங்க. அதுக்கும் நார்மல் டென்ஷனுக்கும் தொடர்பு பல தடவை வந்திருக்கு. என்கிட்ட இதை எந்த கண் டாக்டரும் கேட்கல, பக்கத்துல படுக்கறவங்ககிட்ட கேட்டிருந்தா விலாவாரியா சொல்லியிருப்பாங்க.

பிப்ரவரி 3

சிரசாசனம்: வேண்டாம். தலைகீழா நிக்கும்போது கண் பிரஷர் ஏறக்குறைய ரெண்டு மடங்காகும். தலை கீழ போற மத்த ஆசனத்துலயும் ஏறும், இறங்கினதும் திரும்பிடும், ஆனா அடிபட்ட நரம்பை எதுக்கு சோதிக்கணும். மூச்சைப் பிடிச்சு எடை தூக்கறதும் அப்படித்தான். நடை, மெதுவான ஓட்டம் எல்லாம் கண் பிரஷரை கொஞ்சம் இறக்கும், தாராளமா செய்யுங்க. கழுத்தை நெரிக்கற டைகூட கண் பிரஷரை ஏத்துதுன்னு அளந்து பார்த்திருக்காங்க, எனக்கு கல்யாண வீட்டுக்கு கோட்டு போடாம தப்பிக்க ஒரு மருத்துவக் காரணம் கிடைச்சுது.

தலைப்பக்கம் கட்டிலை கொஞ்சம் உசத்தி படுத்தா சிலருக்கு ராத்திரி பிரஷர் குறையுது. வெறுமனே தலையணை மேல தலையணை அடுக்கினா கழுத்து மடங்கிடும், அது வேற தொல்லை.

பிப்ரவரி 11

கேள்வி கேட்ட சார் திரும்ப வந்திருக்கார். கருவிழி சாதாரண கனம்தானாம், ராத்திரி பிபி பாதிக்கு பாதி ரீடிங்ல 20%க்கு மேல இறங்கியிருக்காம், ரெண்டு டாக்டரும் ஒருத்தர் மேல ஒருத்தர் தள்ளறாங்களாம். பழகின கதை. கண் டாக்டருக்கு நீங்க போடற பிபி மாத்திரை பேரு தெரியாது, பிபி டாக்டருக்கு உங்க டிராப்ஸ்ல பீட்டா பிளாக்கர் இருக்கறது தெரியாது. மாத்திரை, சொட்டு எல்லாம் பேரு, அளவு, எத்தனை மணிக்குன்னு ஒரே தாள்ல எழுதி ரெண்டு பேர்கிட்டயும் அதே தாளை நீட்டுங்க. கண் டாக்டர்கிட்ட "ராத்திரி பிபி இறங்கறது இந்த நரம்புக்கு கவலைதானா"ன்னு ரெண்டு வரி எழுதி வாங்கி பிபி டாக்டர்கிட்ட குடுங்க, வாயால போய் சொன்னா எடுபடாது, லெட்டர்னா படிப்பாங்க. டிராப்ஸை நடுவுல விட்டுடாதீங்க. ரெண்டு வேற சொட்டு இருந்தா நடுவுல அஞ்சு நிமிஷம் இடைவெளி விடுங்க, இல்லைன்னா ரெண்டாவது மொதல் சொட்டை கழுவி வெளிய தள்ளிடும். அடுத்த ஃபீல்டு டெஸ்ட் தேதி எப்பன்னு சொல்லுங்க, அதுல ஒரு தடவை மோசமா வந்தா உடனே பதறாம மறுபடி எடுக்கச் சொல்லுங்க, தூக்கக் கலக்கத்துல எடுத்தா யாருக்கும் கறுப்பாத்தான் வரும்.